ஒன்லைன்ல கெமரா லென்ஸ் வாங்கப் போறாக்கள் இத வாசிச்சிட்டுப் போங்க, எனக்கு 268,000 போச்சு

268,000 ரூபா. கலியாண வீடு, சாமத்திய வீடெண்டு ராப்பகலா நிண்டு படம் எடுத்து உழைச்ச காசு.

முகப்புத்தகத்துல கெமரா சாமான் விக்கிற ஒரு பேஜ், கொழும்பெண்டு போட்டிருந்தான். 24-105 சூம் லென்ஸ், புதுசு, 268,000. மட்டக்களப்பு டவுன்ல நான் வழமையா போற கடையில அதே லென்ஸ் 345,000. ஏன்ணே இவ்வளவு வித்தியாசம் எண்டு கேட்டதுக்கு கடக்கார அண்ணன் சொன்னார், "தம்பி நான் கொம்பனிட இஞ்சத்த ஏஜென்ட்கிட்ட எடுக்கிறன், இறக்குமதி வரி, 18 வீதம் வற், வாரன்டி எல்லாம் இந்த விலைக்குள்ள கிடக்கு, பேக்குக்குள்ள போட்டுக் கொண்டு வாறவனுக்கு இதுல ஒண்டுமில்ல." நியாயமான கதைதான். ஆனா 77,000 எண்டா சின்னக் காசாகா?

மறுகா வட்ஸ்அப்ல கதைச்சன். என்ன பணிவு தெரியுமா! அண்ணா அண்ணா எண்டு, லென்ஸ கெமராவுல மாட்டி சூம் பண்ணிக் காட்டி வீடியோ அனுப்பினான், அதுல என்ட பேர ஒரு துண்டுல எழுதிப் பக்கத்துல வெச்சிருந்தான், "கல்முனைக்கும் போன கிழமைதான் ஒண்டு அனுப்பினன் அண்ணா" எண்டான். அந்தத் துண்டப் பாத்த பிறகு யாருக்குத்தான் சந்தேகம் வரும்? சாமான் வந்தாப்புறம் காசு தாறன் எண்டதுக்கு, பெரிய சாமானுக்கு அப்பிடி இல்லையாம். பேங்க்ல போட்டன், முழுக்காசும்.

வந்தது பேர் ஊர் இல்லாத வெள்ளைப் பெட்டி. கெமராவோட செட்டா வாற லென்ஸக் கழட்டித் தனிய விக்கிறாக்கள் இப்பிடித்தான் அனுப்புவாங்க, அதுல பிழையில்ல, விலை குறையிறதுக்கு அதுவும் ஒரு காரணம். ஆனா இது அதுவுமில்ல. கெமராவுல பூட்டுற பக்கம், மவுன்ட்டுல இருக்கிற குட்டி ஸ்க்ரூ நாலும் தலை தேஞ்சு கிடக்கு, ஆரோ கழட்டிப் பூட்டியிருக்கான். டோர்ச் அடிச்சுப் பாத்தா உள் கண்ணாடி ஓரத்துல பூஞ்சணம், சிலந்தி வலை மாதிரி. மாட்டினா கெமராவுல "எரர் 01" வருது, லென்ஸும் கெமராவும் தொடர்பில்ல எண்டு அர்த்தம்.

கோல் எடுத்தா "கொரியர்ல அடிபட்டிருக்கும் அண்ணா". கொரியர்ல அடிபட்டாப் பூஞ்சணம் பிடிக்குமா? அடுத்து "லென்ஸுக்குப் பின்னால இருக்கிற கொன்டக்ட்டத் துடைச்சுப் பாருங்க", அடுத்து "பொஸ்கிட்ட சொல்லியிருக்கன்", அடுத்து நீல டிக் மட்டும், இப்ப புளொக். வாரன்டி கார்ட்டுல அவன்ட கடை சீல்தான், ஏஜென்ட்ட சீரியல் நம்பரச் சொன்னா அது தங்கட இறக்குமதி இல்லையாம், திருத்தணும் எண்டா காசு கட்டட்டாம். 268,000 குடுத்து வாங்கினதுக்கு மேல!

நிறைய எழுதத்தான் வந்தன், மண்டை கொதிக்குது. ஏஜென்ட் வாரன்டியா கடை வாரன்டியா எண்டு முதல்ல கேளுங்க. சீரியல் நம்பர் தெரியுற படம் வாங்கி ஏஜென்ட்ட கேட்டுப் பாத்திட்டுக் காசு போடுங்க. பெட்டிய உடைக்கேக்க வீடியோ எடுங்க. பில் இல்லாட்டி விடுங்க. முறைப்பாட்டுக்குப் பாவனையாளர் அதிகார சபை நம்பர் 1977.

இந்தப் பேஜ்ல வேற ஆரும் மாட்டியிருந்தா இன்பொக்ஸ் வாங்க, பொலிசுக்கு ஒண்டாப் போவம்.