வால் ஆடும் பழைய ஹேட்ச்பேக்: டிரம்மா, வால்வா, புஷ்ஷா?

தர்மபுரியிலிருந்து சேலத்துக்கு இறங்கும் தொப்பூர் கணவாயில்தான் பல பழைய கார்களின் பின்பிரேக் வண்டவாளம் தெரியவரும். 100 குதிரைத்திறன் ஃபியட் பேலியோ 1.6 ஜி.டி.எக்ஸ். போன்ற வண்டியை இன்னும் ஆசையாக வைத்திருப்பவர் வளைவுக்கு முன்னால் பிரேக்கை அழுத்துகிறார், வால் ஒரு பக்கம் நழுவுகிறது. ஒர்க்‌ஷாப்பில் சொன்னால் முதல் பதில் பெரும்பாலும் "லைனர் மாத்திடலாம் சார்" என்பதுதான். லைனர், அதாவது பிரேக் ஷூவில் ஒட்டியிருக்கும் உராய்வுப் பட்டை, மாற்றிய பிறகும் அதே ஆட்டம் தொடர்ந்தால் அடுத்து எதைக் கழற்றுவது?

சந்தேகத்துக்கு உரியவை மூன்று: டிரம் (உள்ளிருந்து ஷூ அழுத்த, சக்கரத்தோடு சுற்றும் கிண்ணம்) சமாச்சாரம், பாரத்துக்கு ஏற்ப அழுத்தத்தைக் குறைக்கும் வால்வு, பின் ஆக்ஸில் புஷ்ஷும் (ஆக்ஸிலை பாடியோடு இணைக்கும் ரப்பர் உறை) டயரும். என் கணக்கில் கடைசியாகச் சொன்னதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். செலவு குறைவு, பிரேக்கையே தொட வேண்டியதில்லை.

அதற்கான சோதனை எளிது. ஆளில்லாத அகலமான இடத்தில் மிதமான வேகத்தில் லேசாக வளைத்துக்கொண்டே ஆக்ஸிலரேட்டரை மட்டும் சட்டென்று விடுங்கள். பிரேக்கில் கால் வைக்கக் கூடாது. முன்சக்கர இழுவை வண்டியில் பாரம் முன்னால் சாய்ந்து பின்பக்கம் இலேசாகும். அப்போதே வால் நழுவினால் குற்றவாளி பிரேக் இல்லை. புஷ் தேய்ந்திருந்தால் ஸ்பீட் பிரேக்கரில் பின்னால் 'டொக்' என்று சத்தமும் வரும். டயரின் பக்கச்சுவரில் கடைசி நான்கு இலக்கத்தைப் பாருங்கள். 2317 என்றால் 2017-ன் 23-வது வாரம் செய்தது. இரண்டு டயர் மட்டும் புதிதாக வாங்கினால் நம் ஊரில் முன்னால்தான் போடுவார்கள். அது தப்பு, நல்ல டயர் பின்னால்தான் இருக்க வேண்டும். முன்டயர் வழுக்கினால் வண்டி வளையாமல் நேராகப் போகும், ஓட்டுபவர் ஓரளவு சமாளிப்பார். பின்டயர் வழுக்கினால் வண்டி சுழன்றுவிடும்.

அந்தச் சோதனையில் வண்டி ஒழுங்காக இருந்தால் டிரம்முக்கு வரலாம். இங்கே ஹேண்ட் பிரேக்தான் நல்ல சாட்சி. அது கேபிள் வழியாக ஷூவை நேரடியாக இழுக்கிறது, ஆயிலுக்கும் வால்வுக்கும் அதில் வேலையே இல்லை. 20 கி.மீ. வேகத்தில் பட்டனை அழுத்திப் பிடித்தபடி ஹேண்ட் பிரேக்கை மெதுவாக இழுங்கள். வண்டி ஒரு பக்கம் இழுத்தால் பெரும்பாலும் ஷூ, டிரம் அல்லது கேபிள். விட்டு விட்டுப் பிடித்தால் டிரம் ஓவல் ஆகியிருக்கும். லேத்தில் கொடுத்துச் சீவலாம், ஆனால் டிரம்மிலேயே பொறித்திருக்கும் அதிகபட்ச விட்டத்தைத் தாண்டக் கூடாது. ஆயில் அழுத்தத்தில் ஷூவைத் தள்ளும் வீல் சிலிண்டரின் கசிவில் ஒரு விசித்திரம் உண்டு. லைனர் முழுக்க நனைந்தால் அந்தச் சக்கரம் பிடிக்காது, கொஞ்சமாக நனைந்தாலோ திடீரென்று கவ்விவிடும். அதனால் ஒரே கோளாறு இரண்டு விதமாக வேஷம் போடும்.

ஹேண்ட் பிரேக்கில் நேராக நின்று, கால் பிரேக்கில் மட்டும் வால் ஆடினால், அதுவும் ஒரு முறை இடம், ஒரு முறை வலம் என்று மாறி மாறிப் போனால், நான் வால்வைத்தான் சந்தேகிப்பேன். ஏ.பி.எஸ். (சக்கரம் லாக் ஆகாமல் தடுக்கும் ஏற்பாடு) இல்லாத பல பழைய ஹேட்ச்பேக்குகளில் பாடிக்கும் பின் ஆக்ஸிலுக்கும் நடுவே ஒரு கம்பியோ ஸ்பிரிங்கோ இந்த வால்வை இயக்கும். டிக்கியில் பாரம் ஏறினால் பாடி தாழும், வால்வு பின்னால் அதிக அழுத்தம் விடும். காலி வண்டியில் குறைக்கும். சேறும் துருவும் ஏறி அது 'பாரம் இருக்கிறது' என்ற நிலையிலேயே சிக்கிக்கொண்டால், காலியாகப் போகும்போது பின்சக்கரம்தான் முதலில் லாக் ஆகும். சந்தூர் பக்கம் போய் மாங்காய் கிரேட்டுகளை ஏற்றி வரும்போது மட்டும் வண்டி ஒழுங்காக நிற்கிறதா? பெரிய துப்பு அது.

ஹாட் ஹேட்ச் (வேகமான சிறிய கார்) ஆசாமிகளுக்கு இதில் தனி ஆபத்து உண்டு. அழகுக்காக லோயரிங் ஸ்பிரிங் போட்டால் பாடி நிரந்தரமாகத் தாழ்ந்துவிடும். டிக்கி நிறையச் சாமான் இருப்பதாக நினைத்து வால்வு பின்னால் முழு அழுத்தத்தையும் அனுப்பும். வால்வை இயக்கும் அந்தக் கம்பியை அதற்கேற்ப மறுபடி செட் பண்ணாமல் எத்தனை ஷூ மாற்றினாலும் பயன் இல்லை. தாழ்த்திய வண்டி என்றால் என் வரிசையே மாறும், வால்வுதான் முதலில். ஏ.பி.எஸ்.ஸோடு ஈ.பி.டி.யும் (முன், பின் பிரேக் விசையைப் பிரித்துக் கொடுக்கும் ஏற்பாடு) வந்த கார்களில் அந்த வேலையை எலெக்ட்ரானிக்ஸ் பார்த்துக்கொள்வதால் பெரும்பாலும் இந்தத் தலைவலி இல்லை.

வரிசையில் சொல்லாத நாலாவது ஆளும் உண்டு: முன்பிரேக். பேடை டிஸ்க்கில் அழுத்தும் கேலிப்பரின் நகரும் ஊசி (pin) இறுகியோ, பேட் பளபளத்துப் போயோ முன்பக்கம் சரியாகப் பிடிக்காவிட்டால் நாம் பெடலை இன்னும் ஓங்கி மிதிப்போம். அந்தக் கூடுதல் அழுத்தத்தில் பின்பக்கம் லாக் ஆகும். நோய் முன்னால், வலி பின்னால். வால்வை மாற்றும் முன் இதைப் பார்த்துவிடுவது நல்லது.

சக்கரத்தை உருளைமேல் வைத்துப் பிரேக் விசையை அளக்கும் ரோலர் டெஸ்டர் கிடைத்தால் இடது வலது வித்தியாசம் எண்ணாகவே வந்துவிடும், டிரம் கோளாறுக்கு அதை மிஞ்ச ஆளில்லை. ஆனால் ஓடும் வண்டி முன்னால் சாய்வதை ரோலர் காட்டாது. வால்வுக்கு பிரஷர் கேஜ்தான் சரி.

பழைய வண்டிக்குப் புது வால்வு தேடி ஓசூர் தாண்டி பெங்களூரு ஜே.சி. ரோடு வரை அலைய வேண்டியிருக்கும். அந்த அலுப்பில் "வால்வைத் தூக்கிட்டு நேரா பைப் போட்டுடலாம்" என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். மழை ஈரத்தில் தொப்பூர் இறக்கத்தில் அப்படிப்பட்ட வண்டியில் நான் ஏற மாட்டேன். புது வால்வு போட்டதும் ப்ளீடிங் செய்யும்போது (பிரேக் பைப்பில் சிக்கிய காற்றை வெளியேற்றுவது) பின்சக்கரங்கள் தொங்காமல் தரையிலோ ரேம்ப்பிலோ பாரத்தோடு நிற்கட்டும். தொங்கினால் வால்வு வழியை அடைத்துக்கொள்ளும், உள்ளே காற்று மிச்சம் இருந்துவிடும்.