போலாரிஸ் ஸ்போர்ட்ஸ்மேன் 570க்கு கம்பெனி டிரைவ் பெல்ட் – காசு கூடத்தான், ஆனா வாங்கலாம்

தாண்டிக்குடி பக்கம் காப்பித் தோட்டத்துக்குள்ள ஓடுற ஏடிவி (கரடுமுரடான பாதைல ஓடுற நாலு சக்கர வண்டி) எங்களோடது, செகண்ட் ஹேண்ட்ல எடுத்தது. உர மூட்டை, மிளகு மூட்டை, சமயத்துல பின்னாடி குட்டி டிரெய்லர்னு ஏத்தத்துலயே இழுத்துட்டு கெடக்கும், அதனால ஈசிஆர் ரிசார்ட்ல ரவுண்டு அடிக்கிற ஏடிவிய விட இதோட டிரைவ் பெல்ட்டுக்கு (எஞ்சின் சக்திய முன் கிளட்ச்சுலேர்ந்து பின் கிளட்ச்சுக்குக் கடத்துற ரப்பர் பட்டை) அடி ஜாஸ்தி.

வாங்கும்போதே உள்ள ஏதோ பேர் தெரியாத சீப் பெல்ட் கெடந்துச்சு. அது அறுந்தப்போ கவர கழட்டிப் பாத்தா நூல் நூலா பிரிஞ்சு கிளட்ச் ஷாஃப்ட்ட சுத்திக்கிட்டு நிக்குது, நோஸ் பிளையர வச்சு ஒவ்வொண்ணா புடுங்கி எடுக்கவே மதியம் ஆயிடுச்சு. ஒரு நூல விட்டாலும் சீல் போயிடும்ங்க, அதுல சோம்பேறித்தனம் பட்டுறாதீங்க. மிச்சம் கெடந்த பெல்ட்ல பக்கவாட்டு ரெண்டும் கண்ணாடி மாதிரி பளபளன்னு, ஒரு எடத்துல மட்டும் இடுப்பு சிறுத்தாப்ல தேஞ்சிருந்துச்சு. அப்படி ஒரே எடம் தேஞ்சா, வண்டி நகராம நிக்கும்போது ஆக்சிலேட்டர அமுக்கியிருக்காங்கன்னு அர்த்தம், அதுக்கு பெல்ட்ட மட்டும் திட்டிப் பிரயோஜனம் இல்ல.

புது கம்பெனி பெல்ட்ட கையில எடுத்தாலே வித்தியாசம் தெரியுது, நல்ல கனம், பக்கவாட்டு ஒரே சீரா இருக்கு. மாட்டுறதுக்கு முன்னாடி வெதுவெதுப்பான சோப்புத் தண்ணியில கழுவி நல்லா காய வச்சோம், ரெண்டு கிளட்ச் முகத்தையும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் போட்டு தொடச்சோம். கிரீஸ், டபிள்யூடி-40 ஸ்ப்ரே எதுவும் பக்கத்துலயே வரக்கூடாது. பின் கிளட்ச்ச விரிச்சு பெல்ட்ட உள்ள எறக்கணும், ஸ்க்ரூ டிரைவர விட்டு நெம்புனா முகத்துல கீறல் விழுந்து அந்தக் கீறலே புது பெல்ட்ட தின்னுடும். அம்புக்குறி இருந்தா சுத்துற பக்கமா வைங்க, பழைய பெல்ட்டையே திரும்பப் போடுறதா இருந்தா எந்தப் பக்கம் ஓடுச்சோ அதே பக்கம்தான்.

அட்ஜஸ்ட்மெண்ட்தான் முக்கியமான மேட்டர், நெறைய மெக்கானிக் பெல்ட்ட மாட்டிட்டு கவர மூடிடுறாங்க. கையால நாலு சுத்து சுத்தி விட்டுட்டு பாத்தா பெல்ட்டோட மேல் ஓரம் பின் கிளட்ச் விளிம்புக்கு சரியாவோ மயிரிழை மேலயோ நிக்கணும். உள்ள எறங்கிக் கெடந்தா லூசு, எடுக்கும்போது ஜெர்க் அடிக்கும். டைட்டா இருந்தா ஐடில்லயே வண்டி நகரப் பாக்கும், கியர் விழ அடம்புடிக்கும். பழைய ஸ்போர்ட்ஸ்மேன்ல பின் கிளட்ச்ல வாஷர கூட்டிக் கொறச்சு செட் பண்ணுவாங்க, பெல்ட்ட நடுவுல அமுக்குனா கிட்டத்தட்ட 28 மி.மீ. எறங்கணும்னு கணக்கு. கேன்‑ஆம் கம்பெனி வண்டில இதுக்குன்னு தனி அட்ஜஸ்ட்மெண்ட் இருக்கு. ஹோண்டா ரான்ச்சர்ல பெல்ட்டே கெடையாது, எல்லாம் பல் சக்கரம்தான், அந்த ஓனருங்கள பாத்தா கொஞ்சம் வயித்தெரிச்சல்தான்.

எங்களுக்கு விளிம்புக்கு சரியா வந்து உக்காந்துச்சு, வாஷர் வேலையே இல்ல. மொத 80 கி.மீ. பாதி ஆக்சிலேட்டருக்கு மேல போகாம, ஒரே ஸ்பீடுலயும் பிடிக்காம ஓட்டணும், டிரைவர் தம்பிக்கு இதச் சொல்லிப் புரிய வைக்கறதுக்குள்ள போதும் போதும்னு ஆயிடுச்சு. அப்புறம் ஏத்தத்துல லோடோட எடுத்தாலும் ஜெர்க் இல்ல, ரப்பர் கருகுற வாடையும் இல்ல. மணிக்கு 11 கி.மீ.க்குக் கீழயே உருட்டிட்டு இருக்கீங்கன்னா லோ கியர்ல போடுங்க, ஹைல இழுத்தா எந்த பெல்ட்டும் சூடேறி சாவும். ஓடைல எறங்கி தண்ணி பெல்ட் கவருக்குள்ள போனா அதோட ட்ரெயின் பிளக்க கழட்டி வடிய விட்டு, நியூட்ரல்ல வச்சு ரேஸ் குடுத்தா காஞ்சுடும்.

கொறைன்னு பாத்தா வெலதான், இந்தக் காசுக்கு சீப் பெல்ட்டு ரெண்டு வாங்கிடலாம். ஆர்டர் போட்டா கைக்கு வரவும் லேட்டாகுது, மலை மேல இருக்கறவங்க ஸ்பேர் ஒண்ணு முன்கூட்டியே வாங்கி வைங்க, மடிச்சு கட்டாம தட்டையா. அஞ்சுக்கு நாலு ஸ்டார்.