யூடியூபா, வில்லங்கச் சான்றா, ஏல அறிவிப்பா? காசு செலவில்லாமல் ரியல் எஸ்டேட் படிக்க

ரியல் எஸ்டேட் முதலீடு சொல்லித் தருகிறோம் என்று வார இறுதி வகுப்புக்கு ஆயிரக்கணக்கில் கேட்கிறார்கள். அங்கே சொல்வதில் பெரும்பகுதி இணையத்தில் சும்மா கிடக்கிறது. தமிழ்நாட்டில் மனையோ வீடோ வாங்க நினைப்பவருக்கு அதில் எது உருப்படியான வழி?

முதலில் எல்லாரும் போவது யூடியூபுக்குத்தான். பட்டா என்றால் என்ன, தாய்ப்பத்திரம் எதற்கு, டிடிசிபி (நகர் ஊரமைப்பு இயக்ககம்) அப்ரூவல் இல்லாத மனையில் என்ன சிக்கல் என்பதெல்லாம் ஓரிரு மணி நேரத்தில் பிடிபட்டுவிடும். அதுவரை சரி. வீடியோ முடிவில் ஒரு லேஅவுட்டின் பெயரும் போன் நம்பரும் வந்தால், பார்த்தது பாடமல்ல, விளம்பரம். அமெரிக்கச் சேனல்கள் வேறு வகைத் தொல்லை. வாங்கி, பழுது பார்த்து, ஆறே மாதத்தில் விற்கும் வித்தையை அங்கே காட்டுவார்கள். இங்கே முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். 30 லட்ச ரூபாய் மனைக்கு 2.7 லட்சம் பத்திரப்பதிவிலேயே போய்விடும். புரோக்கர் கமிஷன் தனி. விலை ஒன்பது சதவீதத்துக்கு மேல் ஏறினால்தான் போட்ட பணமே திரும்பும்.

என் ஓட்டு பதிவுத்துறையின் டிஎன்ரெஜிநெட் தளத்துக்கு. ஒரு சொத்தின் மேல் பதிவான பத்திரங்களின் பட்டியலான வில்லங்கத்தை அங்கே இலவசமாகவே பார்க்கலாம். பல சார்பதிவாளர் அலுவலகங்களுக்கு 1975 முதல் கிடைக்கிறது. வாங்கப்போகும் மனையை விட்டுவிட்டு, உங்கள் சொந்த வீட்டிலிருந்து தொடங்குங்கள். பத்திரத்தில் கிராமம், புல எண், உட்பிரிவு எல்லாம் இருக்கும். போட்டுத் தேடினால் எழுதிக் கொடுத்தவர், எழுதி வாங்கியவர், கைமாற்றுத் தொகை, சந்தை மதிப்பு, முந்தைய ஆவண எண் என்று வரிசையாக வரும். ‘உரிமை ஆவணங்களின் ஒப்படைப்பு’ என்று ஒரு பதிவு இருந்தால், யாரோ பத்திரத்தை வங்கியில் வைத்துக் கடன் வாங்கியிருக்கிறார்கள். கடன் அடைந்திருந்தால் பின்னால் ஒரு இரசீது ஆவணம் இருக்க வேண்டும். இல்லையென்றால் அங்கேதான் முதல் கேள்வி. நடுவில் பாகப்பிரிவினை வந்தால், எத்தனை வாரிசுகள், எல்லாரும் கையெழுத்துப் போட்டார்களா என்று பத்திரத்தைத் தேடிப் போகத் தோன்றும். இந்தச் சந்தேகப் புத்தியை எந்த வீடியோவும் தராது.

அதற்கும் ஓட்டைகள் உண்டு. பதிவாகாத உயில், பதிவாகாத அக்ரிமெண்ட், குடியிருப்பவரின் உரிமை, பல கோர்ட் வழக்குகள் எதுவும் வில்லங்கத்தில் தெரியாது. கைமாற்றுத் தொகையை நம்பி ஏரியா ரேட்டை முடிவு செய்யவும் கூடாது. நம் ஊரில் பத்திரத்தில் எழுதும் விலை, முத்திரைத் தீர்வை கணக்கிட வைத்திருக்கும் வழிகாட்டி மதிப்பை ஒட்டியே நின்றுவிடுவது யாருக்கும் புதிதல்ல. அந்த மதிப்பும் அரசு முடிவு செய்வதுதான்: 2017-இல் 33 சதவீதம் குறைத்தார்கள், 2023 ஏப்ரலில் பழைய அளவுக்கே ஏற்றினார்கள்.

விலை படிக்க வங்கி ஏல அறிவிப்புகள் மேல். நாளிதழ்களிலும் பொதுத்துறை வங்கிகளின் ஏலத் தளமான பேங்க்நெட்டிலும் வருகின்றன. கடன் கட்டாதவரின் அடமானச் சொத்தை வங்கியே விற்க வழிசெய்யும் சர்ஃபேசி சட்டப்படி ஏலத்துக்கு வரும் சொத்துக்கு மதிப்பீட்டாளரின் அறிக்கையைப் பார்த்துத்தான் குறைந்தபட்ச விலை வைக்கிறார்கள். உங்கள் ஏரியாவில் நாலு சொத்துகளைக் குறித்துவைத்துத் தொடர்ந்து பாருங்கள். யாரும் கேட்காத சொத்து பெரும்பாலும் விலை குறைந்து மறுபடி வரும். ஏன் போணியாகவில்லை என்று தோண்டினால் பாதிப் பாடம் அதிலேயே இருக்கிறது: வழி இல்லாத மனை, காலி செய்யாத ஆள், வங்கியின் கைக்கு நேரடியாக வராமல் காகிதத்தில் மட்டும் இருக்கும் சுவாதீனம். ஆனால் படிக்க மட்டும்தான் சொல்கிறேன். ஏலத்தில் எடுத்தால் அன்றோ அடுத்த வேலை நாளிலோ 25 சதவீதம், உறுதியான பின் 15 நாளில் மீதி கட்ட வேண்டும். புதியவர்கள் ஹோம்லோனை நம்பி இதில் இறங்குவது வம்பு.

வாடகைக் கணக்கு பழக ரீட் (வாடகைக் கட்டடங்களை வைத்திருந்து, பங்குச் சந்தையில் யூனிட்டுகளாக விற்கும் டிரஸ்ட்) அறிக்கைகள். இந்தியாவில் 2019-இல் எம்பஸி முதலில் சந்தையில் பட்டியலானது. 2023-இல் வந்த நெக்ஸஸ் செலக்ட் டிரஸ்டில் வடபழனி விஜயா மாலும் அடக்கம். எவ்வளவு இடம் நிரம்பியிருக்கிறது, குத்தகை எப்போது முடிகிறது, கடன் எவ்வளவு என்று காலாண்டுக்கு ஒருமுறை சொல்கிறார்கள். படித்த கையோடு அதே கேள்விகளைப் பக்கத்து ஃப்ளாட்டிடம் கேளுங்கள். 80 லட்சம் ஃப்ளாட்டுக்கு 20,000 வாடகை என்றால் ஆண்டுக்கு 3 சதவீதம். ஒரு மாதம் காலி, வரி, ரிப்பேர் என்று 50,000 கழித்தால் இரண்டரையைக்கூட எட்டாது. மனை வாங்க மட்டும் நினைப்பவர் இதை மேலோட்டமாகப் பார்த்தால் போதும்.

புது புராஜெக்ட் என்றால் ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) தளம். 500 சதுர மீட்டரோ 8 வீடுகளோ தாண்டினால் பதிவு கட்டாயம். எண் இல்லையா, பேச்சே வேண்டாம். இலவச சைட் விசிட்டில் சாப்பாடு நன்றாக இருக்கும், அவ்வளவுதான்.

ஆக யூடியூபுக்கு ஒரு வாரம், வில்லங்கத்துக்கும் ஏலத்துக்கும் ஆறு மாதம். அப்புறம் நிஜமாகவே அட்வான்ஸ் கொடுக்கும் கட்டம் வந்தால், வகுப்புக்குக் கட்டாமல் மிச்சம் பிடித்த பணத்தில் பத்திர நகல்களை எடுத்துக்கொண்டு, விற்பவரோடு தொடர்பில்லாத ஒரு வக்கீலிடம் லீகல் ஒப்பீனியன் வாங்குங்கள்.