நூனவுட் பள்ளிகளுக்கு நேரலை வகுப்பு: சில ஆண்டுகள் எடுத்துப் பார்த்ததில்

கனடாவின் வடக்கே நூனவுட் பிரதேசத்திலுள்ள இனுயிட் பழங்குடிப் பிள்ளைகளுக்கு ரொறன்ரோவில் இருந்தபடி நேரலையில் அறிவியல் பாடம் எடுத்து வருகிறேன். இப்படிப் பாடம் எடுக்கச் சேர யோசிப்பவர்கள் முதலில் கேட்பது, ‘பிரயோசனம் இருக்கா?’ என்றுதான். இருக்கிறது. ஆனால் அது நம் திறமையைவிட, அந்த வகுப்பறைக்குள் யார் நிற்கிறார்கள் என்பதில்தான் இருக்கிறது.

நூனவுட்டில் 25 ஊர்கள். ஊரை ஊரோடு இணைக்கும் சாலை கிடையாது. விமானம்தான், கோடையில் கப்பல். இணையமும் வானத்திலிருந்துதான் வரவேண்டும். சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கும் செயற்கைக்கோள் வழியாகப் போனால், கேள்வி போய்ப் பதில் திரும்பவே அரை நொடி தாண்டிவிடும். அதற்குள் பதில் வரவில்லை என்று நாம் பேச ஆரம்பிப்போம், அங்கே பிள்ளையும் வாயைத் திறக்கும், இரண்டு பேரும் நிறுத்துவோம். கூச்ச சுபாவமுள்ள பிள்ளை பிறகு வாயே திறக்காது. 2022 இறுதியில், மிகத் தாழ்வாகச் சுற்றும் செயற்கைக்கோள்கள் வழியாக இணையம் தரும் ஸ்டார்லிங்க் அங்கே கிடைக்கத் தொடங்கியது. அந்த இணைப்புள்ள வகுப்புகளில் இந்தத் தொல்லை வெகுவாகக் குறைந்துவிட்டது.

அடுத்தது கேமரா. இனுயிட் பிள்ளைகள் ‘ஆம்’ என்பதற்குப் புருவத்தை உயர்த்துவார்கள், ‘இல்லை’ என்பதற்கு மூக்கைச் சுருக்குவார்கள். வாயால் ஒரு சத்தமும் வராது. கேமராவை அறையின் மூலையில் மாட்டியிருந்தால், இருபது பிள்ளைகள் பதில் சொன்னாலும் நமக்கு வகுப்பு ஊமையாகத்தான் தெரியும். விலையுயர்ந்த கருவி வேண்டாம். கேமராவை முகங்களுக்குப் பக்கத்தில் வைக்கச் சொல்லிக் கேளுங்கள், அது போதும்.

எனக்குப் பிடித்த வகுப்பு கடல்பனி பற்றியது. கடல்நீர் உறையும்போது உப்பு வெளியேறுவதை விளக்கிக்கொண்டிருந்தேன். வகுப்பில் உட்கார்ந்திருந்த பாட்டி ஒருவர் இனுயிட் மொழியான இனுக்டிடுட்டில் ஏதோ சொன்னார். ஒரு சிறுமி மொழிபெயர்த்தாள்: பல ஆண்டுப் பழைய பனியை உருக்கினால்தான் தேநீருக்கு ஆகும், புதுப்பனி உப்புக் கரிக்கும். பாடம் அதோடு அவர் கைக்குப் போய்விட்டது. எந்த நிறத்துப் பனி, எங்கே வெட்டுவது என்று பிள்ளைகள் அவரையே கேட்டார்கள். நான் இடையிடையே காரணம் மட்டும் சொன்னேன்.

இதை நான் பெரிதாக நினைப்பதற்கு வரலாறும் காரணம். கனடாவின் உறைவிடப் பள்ளிகள் ஏறத்தாழ 150,000 பழங்குடிப் பிள்ளைகளைக் குடும்பத்திடமிருந்தும் மொழியிடமிருந்தும் பிரித்தன. உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம் 2015-இல் அதை விரிவாகப் பதிவு செய்தது. வெளியூர் ஆள் திரையில் தோன்றி, பெரியவர்களை ஓரமாக உட்காரவைத்துப் பாடம் நடத்துவது எனக்குச் சரியாகப் படவில்லை.

குறைகளும் உண்டு. பனிப்புயல் வந்தால் பள்ளி மூடிவிடும், அன்று வகுப்பு இல்லை. நூனவுட்டுக்குள்ளேயே மூன்று நேர மண்டலங்கள். மற்ற ஊர்களில் கோடையில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே நகர்த்துவார்கள், கோரல் ஹார்பர் என்ற ஊரில் கோடையிலும் மாற்றமாட்டார்கள். நான் பயன்படுத்திய முன்பதிவுத் தளம் ஒன்று ரொறன்ரோ நேரத்தை மட்டுமே காட்டியதால் வகுப்புகள் வீணாகியிருக்கின்றன. இதைவிட வருத்தம், வகுப்பாசிரியர்கள் அடிக்கடி மாறுவது. புதிதாக வந்தவர் திரையைப் போட்டுவிட்டுத் தன் வேலையைப் பார்க்க உட்கார்ந்தால், எவ்வளவு நல்ல இணைப்பும் உதவாது.

சேர்வதாக இருந்தால் ஒரே வகுப்பை ஆண்டு முழுவதும் கேட்டு வாங்குங்கள். பள்ளிக்கு ஒன்றாகத் தனித்தனி அமர்வு எடுப்பதை நான் நிறுத்திவிட்டேன். முதல் மாதம் பிள்ளைகள் நம்மைப் பார்த்துக்கொண்டுதான் இருப்பார்கள். கேள்விகள் அதற்குப் பிறகுதான் வரும்.