பிரெய்ல் மென்பொருள்: முழுக்க ஜாவாவா, சி நூலகமா?

விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும் பிரெய்ல் மென்பொருள் வேண்டுமா? முதலில் நினைவுக்கு வருவது ஜாவா நிரல்மொழி. பிரெய்ல் புத்தகங்களை வடிவமைக்கும் பிரெய்ல்பிளாஸ்டர் அப்படி எழுதப்பட்டதுதான். ஒரே நிரல், மூன்று கணினியிலும் ஓடும்.

இன்னொரு வழி, சாதாரண எழுத்தைப் பிரெய்லாக மாற்றும் வேலையை மட்டும் சி நிரல்மொழியில் நூலகமாக (மற்ற நிரல்கள் அழைத்துப் பயன்படுத்தும் நிரல்தொகுப்பாக) பிரித்துவிட்டு, திரையை அந்தந்த இயங்குதளத்துக்கே விட்டுவிடுவது. லிப்லூயி அப்படித்தான். திரையில் உள்ளதைப் பேச்சாகவோ பிரெய்லாகவோ தரும் திரைவாசிப்பான்களான என்விடிஏ, ஓர்கா இரண்டுக்கும் பின்னால் அதுதான் இருக்கிறது. எழுத்துகளைப் புள்ளிகளாக்கும் விதிகள் நிரலுக்குள் இல்லை, தனி உரைக் கோப்புகளில் இருக்கின்றன. தமிழுக்கும் உண்டு. சி தெரியாத பிரெய்ல் ஆசிரியர்கூட விதியைத் திருத்தலாம். எனக்கு இதில் பிடித்ததே இதுதான்.

தொல்லையும் உண்டு. லிப்லூயியைத் தொகுக்கும்போது (கம்பைல்) ஓர் எழுத்துக்கு 2 பைட் நினைவிடமா, 4 பைட்டா என்று தேர்ந்தெடுக்கலாம். அழைக்கும் நிரல் வேறு அளவை எதிர்பார்த்தால் வெளியீடு குப்பைதான்.

ஜாவாவின் சிக்கல் திரையில். ஜாவாவின் சொந்தத் திரைக்கருவியான ஸ்விங்கில் கட்டினால், விண்டோஸ் திரைவாசிப்பான் அதைப் படிக்க ஜாவா அக்சஸ் பிரிட்ஜ் என்ற இணைப்பு மென்பொருள் தேவை. பார்வையற்றவருக்கான மென்பொருளே அவருக்கு வாசிக்காமல் போனால் எப்படி? எஸ்டபிள்யூடி என்ற இன்னொரு ஜாவா திரைக்கருவி, இயங்குதளத்தின் சொந்தப் பொத்தான்களையே பயன்படுத்துவதால் அதில் இந்தத் தலைவலி குறைவு. ஐபோனில் ஜாவா நேரடியாக ஓடாது.

வேடிக்கை என்னவென்றால், பிரெய்ல்பிளாஸ்டரும் உள்ளே லிப்லூயியைத்தான் அழைக்கிறது. புதிதாகத் தொடங்குபவர் சி நூலகத்தையே எடுத்துக்கொள்ளலாம். புத்தகத்தைப் பக்கம் பக்கமாக வடிவமைக்கும் மேசைக்கணினி எடிட்டர் என்றால் மட்டும் அதன் மேல் ஜாவா போதும்.