லிஃப்ட் கிட் மாட்டுகிறவர் டிரைவ் ஷாஃப்ட்டைப் பற்றிப் பேசவே இல்லையா? உஷார்!

லிஃப்ட் கிட் போட்டுப் பிக்கப்பை உயர்த்தலாம் என்று யோசித்துக்கொண்டிருப்பவர்கள் அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். என் ஃபோர் வீல் டிரைவ் வண்டியை 4 அங்குலம் உயர்த்தித் தந்த பட்டறை ஸ்பிரிங், ஷாக், பிளாக் (ஸ்பிரிங்குக்கும் ஆக்ஸிலுக்கும் நடுவே வைக்கும் கட்டை) எல்லாவற்றையும் பார்க்க அழகாகத்தான் மாட்டியது. இன்ஜின் சக்தியை முன், பின் ஆக்ஸிலுக்குக் கொண்டுபோகும் டிரைவ் ஷாஃப்ட்டை மட்டும் அளந்துகூடப் பார்க்கவில்லை. கேட்டதற்கு, "4 இன்ச் வரைக்கும் ஷாஃப்ட்டுக்கு ஒன்றும் ஆகாது சார், எத்தனை வண்டிக்குப் போட்டிருக்கோம்" என்று அடித்துச் சொன்னார்கள். கடைசியில் ஒரு பள்ளத்தில் இறங்கும்போது முன் ஷாஃப்ட் ஸ்ப்லைனிலிருந்து (ஒன்றுக்குள் ஒன்று நுழைந்து நீளும் பல் வெட்டிய பகுதி) உருவிக்கொண்டு, டிரான்ஸ்ஃபர் கேஸ் (சக்தியை முன்னுக்கும் பின்னுக்கும் பிரிக்கும் பெட்டி) பக்கம் இருந்த பாதி சுழன்றடித்து கியர்பாக்ஸின் அடித்தட்டைக் கிழித்துவிட்டது. ஆயில் மொத்தமும் தரையில்.

என்ன நடக்கிறது என்று தெரிந்தால்தான் யார் ஏமாற்றுகிறார் என்று தெரியும். டிரான்ஸ்ஃபர் கேஸ் சேஸிஸோடு சேர்ந்து மேலே போகிறது. ஆக்ஸில் சக்கரத்தோடு கீழேயே நிற்கிறது. இடையில் இருக்கும் ஷாஃப்ட்டின் சரிவு கூடுகிறது, எட்ட வேண்டிய தூரமும் கூடுகிறது. தூரம் கூடக் கூட, ஸ்லிப் யோக்குக்குள் (ஸ்ப்லைன் வழுக்கி உள்ளே வெளியே போகும் உறை) இருக்கும் ஸ்ப்லைன் வெளியே வந்துகொண்டே இருக்கும். வண்டி நேராக நிற்கும்போது எல்லாம் சரியாகத்தான் தெரியும். சக்கரம் பள்ளத்தில் தொங்கும்போதுதான் உள்ளே எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்பது தெரியவரும். ஸ்ப்லைனின் விட்டம் எவ்வளவோ அந்த நீளமாவது எப்போதும் உள்ளே பிடித்திருக்க வேண்டும் என்பது ஷாஃப்ட் வேலை செய்பவர்கள் வைத்திருக்கும் கணக்கு. எனக்கு அதில் பாதிகூட இல்லை.

முன் ஷாஃப்ட் உருவியது கடைசிக் கட்டம். தொல்லை பின் ஷாஃப்ட்டில்தான் ஆரம்பித்தது. வண்டியை எடுத்த அன்றே, 70-ஐத் தாண்டினால் சீட்டுக்கு அடியில் ஒரு அதிர்வு. பட்டறையில் சொன்னேன். டயர் பேலன்ஸ் என்றார்கள், செய்தார்கள், பில் போட்டார்கள். அப்புறம் அலைன்மென்ட், அதற்கும் ஒரு பில். அதிர்வு அப்படியே இருந்தது. இருக்கத்தானே செய்யும்? ஷாஃப்ட் முனையில் அதை மடங்கிச் சுழலவிடும் யூ-ஜாயின்ட்டில் ஒரு கோணம் இருந்தால், ஒரு பக்கம் சீராகச் சுழன்றாலும் மறுபக்கம் ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு முறை வேகம் கூடிக் குறையும். 10 டிகிரி கோணத்தில் இந்த ஏற்ற இறக்கம் சுமார் ஒன்றரை சதவீதம், 20 டிகிரியில் ஆறு சதவீதம். 31 அங்குல டயர், ஆக்ஸிலில் 4.10 ரேஷியோ (சக்கரம் ஒரு சுற்று சுற்ற ஷாஃப்ட் 4.10 சுற்று) உள்ள வண்டி 100 கிலோமீட்டர் வேகத்தில் போனால் ஷாஃப்ட் நிமிடத்துக்கு ஏறக்குறைய 2,750 சுற்று சுற்றுகிறது. அதாவது நிமிடத்துக்கு 5,500 உதறல். டயரோ அந்த வேகத்தில் நிமிடத்துக்கு 675 சுற்றுதான். டயர் அதிர்வு உடம்பைக் குலுக்கும், ஷாஃப்ட் அதிர்வு காதில் இரைச்சலாக ஏறும். இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரியாத மெக்கானிக் இருக்க முடியாது என்று இன்னமும் நம்புகிறேன். அதனால்தான் அந்தப் பில்கள் எரிச்சலைக் கிளப்புகின்றன.

இந்த ஏற்ற இறக்கத்தை ஒழிக்க வழி இருக்கிறது. இரண்டு முனையிலும் ஒற்றை யூ-ஜாயின்ட் இருந்தால், மேல் கோணமும் கீழ் கோணமும் சமமாக இருக்க வேண்டும். டிரான்ஸ்ஃபர் கேஸின் வெளி அச்சும், ஆக்ஸிலில் ஷாஃப்ட் வந்து சேரும் பினியனும் ஒன்றுக்கொன்று இணையாக இருந்தால் மேலே வந்த ஏற்ற இறக்கத்தைக் கீழே உள்ள ஜாயின்ட் அடித்துவிடும். வித்தியாசம் ஒரு டிகிரிக்குள் இருந்தால் நல்லது. மேலே டபுள் கார்டன் ஜாயின்ட் (இரண்டு யூ-ஜாயின்ட்டை அடுத்தடுத்துச் சேர்த்தது) போட்டிருந்தால் கதையே வேறு. அப்போது பினியன் ஷாஃப்ட்டை நேராகப் பார்க்க வேண்டும், ஆக்ஸிலரேட்டர் மிதிக்கும்போது மூக்கைத் தூக்கும் என்பதால் ஓரிரு டிகிரி தாழ்த்தி வைப்பார்கள்.

என் வண்டியில் இரண்டு பக்கமும் ஒற்றை ஜாயின்ட். பட்டறைக்காரர் செய்தது என்ன? பினியனை ஷாஃப்ட் பக்கம் தூக்குவதற்காக ஸ்பிரிங் பட்டைக்கும் ஆக்ஸில் ஹவுசிங்குக்கும் நடுவே 6 டிகிரி ஆப்பு வைத்தார். எனக்கும் சேர்த்துத்தான். மேலே 10 டிகிரி, கீழே 4 டிகிரி என்று ஆகிவிட்டது. அதுவரை 70-இல் வந்த அதிர்வு 50-லேயே வர ஆரம்பித்தது. "புது பட்டை சார், ஓட ஓட செட் ஆகிடும்" என்று அனுப்பிவைத்தார்கள். இந்த வாக்கியத்தை எந்தப் பட்டறையில் கேட்டாலும் சாவியை வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுங்கள். கோணம் ஓட ஓட செட் ஆகாது, ஜாயின்ட்தான் ஓட ஓடத் தேயும்.

பள்ளத்தில் நின்ற வண்டியை இழுத்துக்கொண்டு போனது வேறு இடத்துக்கு, ஷாஃப்ட் வெட்டி வெல்டு செய்து பேலன்ஸ் பண்ணுவதை மட்டுமே தொழிலாக வைத்திருக்கும் ஒருவரிடம். அவர் முன் ஷாஃப்ட்டின் ஸ்ப்லைனைத் துணியால் துடைத்துக் காட்டினார். நுனியில் மட்டும் விரல் அகலத்துக்குப் பளபளவென்று ஒரு பட்டை, அதற்கு மேல் முழுக்கப் பழைய கிரீஸும் மண்ணும். அவ்வளவு இடத்தில்தான் ஷாஃப்ட் பிடித்துக்கொண்டு ஓடியிருக்கிறது. ஜாயின்ட்டைப் பிடிக்கும் கவை மாதிரியான யோக்கின் காதுகளில் இரண்டு பக்கமும் புதிதாக நசுங்கிய தடம். சக்கரம் தொங்கும்போது யோக்கோடு யோக் இடித்திருக்கிறது.

பின் ஷாஃப்ட்டைக் கழற்றியதும் அவர் சிரித்தே விட்டார். ஸ்லிப் பகுதியில் இரண்டு அம்புக்குறிகள் நேருக்கு நேர் இருக்க வேண்டும். பிளாக் வைக்கும்போது ஷாஃப்ட்டைப் பிரித்தவர்கள், திருப்பிச் சேர்க்கும்போது ஒரு பல் தள்ளிச் சேர்த்திருக்கிறார்கள். கோணத்தை எவ்வளவு சரிசெய்தாலும் இரண்டு யோக்கும் ஒரே வாட்டத்தில் இல்லாவிட்டால் அதிர்வு போகாது. யூ-ஜாயின்ட்டின் நடுவே இருக்கும் கிராஸின் கப் ஓரத்தில் துருநிறப் பொடி வேறு. உள்ளே கிரீஸ் செத்துப்போய் ஊசி பேரிங் அரைபடுகிறது என்று அர்த்தம்.

ஆப்பை எடுத்து, அம்புக்குறியைச் சேர்த்து, கிராஸை மாற்றியதும் பின் பக்கம் அடங்கிவிட்டது. முன் ஷாஃப்ட்டுக்குக் குழாயை நீட்டி, நீண்ட ஸ்ப்லைன் போட்டு, பேலன்ஸ் செய்தார். அதற்கு முன் அவர் அளந்த விதத்தைக் கவனியுங்கள்: வண்டி சக்கரத்தில் நிற்கும்போது ஒரு அளவு, ஆக்ஸில் முழுக்கத் தொங்கும்போது ஒன்று, முழுக்க அமுங்கும்போது ஒன்று. மூன்றாவது ஏன் என்று கேட்டேன். ஷாஃப்ட் தேவைக்கு மேல் நீண்டுவிட்டால், அமுங்கும்போது ஸ்லிப் முட்டிக்கொண்டு டிரான்ஸ்ஃபர் கேஸையே உடைக்கும். குறைந்தது ஓர் அங்குலமாவது காலி இடம் வேண்டும். முதல் பட்டறையில் லிஃப்டில் தூக்கி ஆக்ஸிலைத் தொங்கவிட்டுக் கோணம் பார்த்தார்கள். அப்படிப் பார்த்த கோணம் ரோட்டில் ஓடும் வண்டியின் கோணம் இல்லை.

"4 இன்ச் வரைக்கும் ஒன்றும் ஆகாது" என்பது முழுப் பொய்யும் இல்லை, அதுதான் வில்லங்கம். முன் பக்கம் இண்டிபெண்டன்ட் சஸ்பென்ஷன் (இரண்டு சக்கரமும் தனித்தனியாக ஏறி இறங்குவது) உள்ள பிக்கப்பில் டிஃப்ரன்ஷியல் சேஸிஸோடு இருக்கிறது. அதனால் முன் டிரைவ் ஷாஃப்ட்டின் நீளம் லிஃப்டால் பெரிதாக மாறுவதில்லை. அங்கே அடி வாங்குவது சக்கரத்துக்குப் போகும் சிவி ஆக்ஸிலும் அதன் ரப்பர் பூட்டும். அந்த மாதிரி வண்டிகளைப் பார்த்துப் பழகியவர்கள் சாலிட் ஆக்ஸில் (இரண்டு சக்கரத்தையும் ஒரே ஹவுசிங் சேர்ப்பது) வண்டிக்கும் அதே பாட்டைப் பாடுகிறார்கள். முன் சாலிட் ஆக்ஸிலில் ஹவுசிங்கைத் திருப்பிப் பினியனைத் தூக்கித் தருகிறேன் என்றாலும் சம்மதிக்காதீர்கள், காஸ்டர் (ஸ்டியரிங் அச்சின் பின்சாய்வு) குறைந்து ஸ்டியரிங் அலையும். பின்னால் இரண்டு துண்டு ஷாஃப்ட் இருந்தால் இரண்டையும் நடுவில் தாங்கும் சென்டர் பேரிங்கை எவ்வளவு இறக்கப் போகிறார்கள் என்று கேளுங்கள். பதில் வரவில்லை என்றால் வண்டி முதல் கியரில் கிளம்பும்போதெல்லாம் நடுங்கும்.

நஷ்டத்தைக் கேட்கப் போனபோது பட்டறையில் சொன்னது, "நீங்க ஓட்டின விதம் சார்." ஜாப் கார்டில் 'லிஃப்ட் கிட் பொருத்துதல்' என்று ஒரே ஒரு வரிதான் இருந்தது. ஷாஃப்ட்டைப் பிரித்ததே அதில் இல்லை, ஆகவே பிரிக்கவே இல்லை என்கிறார்கள். வேலைக்கு விடும்போது ஷாஃப்ட்டின் பெயர் கார்டில் ஏற வேண்டும், மூன்று நிலை அளவும் இரண்டு முனைக் கோணமும் எழுதித் தர வேண்டும் என்று கேளுங்கள். வண்டி எடுக்கும் முன் நீங்களே கீழே படுத்து அம்புக்குறிகளைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். டயர் பேலன்ஸுக்கு வாங்கிய பணத்தை மட்டும் திருப்பித் தருகிறோம் என்று இப்போது இறங்கி வந்திருக்கிறார்கள். கியர்பாக்ஸ் செலவைப் பற்றிப் பேச்சே இல்லை. ஆப்பையும் நசுங்கிய யோக்கையும் நான் அவர்களிடம் கொடுக்கவில்லை, கேட்டும் கொடுக்கப் போவதில்லை.