பிஎஸ்3 இல் ‘எஃப்சி 25’ ஓடாது: மட்டக்களப்பில் கேம் மெஷின் வாங்க நிற்கிறவர்கள் வாசிக்கவும்

மட்டக்களப்பு டவுனிலிருந்து கல்முனை வரைக்கும் மெயின் ரோட்டில் இப்போது செகண்ட் ஹேண்ட் கேம் மெஷின் விற்கிற கடைகள் கூடிவிட்டன. எல்லாரையும் குறை சொல்ல வரவில்லை. ஆனால் டவுனில் ஒரு கடை என்ட அக்காவுக்குச் செய்த வேலையைச் சொன்னால், பிள்ளைக்கு ஒன்று வாங்கிக் கொடுக்க நினைத்திருக்கிற யாருக்காவது காசு மிஞ்சும். கடையின் பெயரைப் போடமாட்டேன். முறைப்பாடு கொடுத்திருக்கிறோம், அது முடியட்டும்.

அத்தான் கட்டாரிலிருந்து காசு அனுப்பி, மகன் ஓ.எல். எழுதி முடித்ததுக்கு ப்ளேஸ்டேஷன் ஒன்று வாங்கிக் கொடுக்கச் சொல்லியிருந்தார். மருமகனுக்குத் தேவை ஒன்றே ஒன்றுதான்: லண்டனில் இருக்கிற சித்தப்பாவின் மகனோடு இரவில் ஃபுட்போல் விளையாட வேண்டும். அக்கா தனியப் போய் இதைத்தான் கடைக்காரரிடம் சொன்னா. அவர் ஒரு பிஎஸ்3 (ப்ளேஸ்டேஷன் 3) ஐத் தூக்கி மேசையில் வைத்து, “இதுல எஃப்சி 25 ஏத்தி இரிக்கு அக்கா, இன்னும் கனக்க கேம் சும்மா தாறன். நெட் குடுத்தீங்க எண்டா லண்டன் என்ன, கனடாவோடயும் விளையாடலாம்” என்று சொல்லி 45,000 ரூபாவுக்குக் கட்டிக் கொடுத்துவிட்டார்.

நான் போய்ப் பார்த்தபோது டிவியில் எஃப்சி 25 என்று பெரிய படம் வந்தது. அணிகளுக்குள் யமால், பெலிங்ஹாம் என்று புதுப் பெயர்கள். எல்லாம் சரி மாதிரித்தான் இருந்தது. மேட்ச் தொடங்கிக் கொமென்ட்ரி கேட்டவுடன் பிடிபட்டுவிட்டது. மார்ட்டின் டைலரின் குரல்! அந்த மனிசனின் குரல் ஃபிஃபா 20 உடன் இந்த வரிசையை விட்டே போய்விட்டது. அதோடு, ‘எஃப்சி’ என்ற பெயரே 2023 இல்தான் வந்தது, அதுவரை இதே கேமின் பெயர் ‘ஃபிஃபா’.

“மாமா, அப்ப இது என்ன கேம்?”

“ஃபிஃபா 19 மனே. சட்டையையும் பேரையும் மாத்தி விட்டிரிக்கான்.”

பிஎஸ்3 2006 இல் வந்த மெஷின். அதற்கு இந்தக் கேமைச் செய்கிற ஈஏ கொம்பனி கடைசியாகக் கொடுத்த ஃபுட்போல் கேம் 2018 இல் வந்த ஃபிஃபா 19. கொனாமி என்ற இன்னொரு கொம்பனியின் ஃபுட்போல் கேமான பெஸ் வரிசை அதற்கும் ஒரு வருடம் முன்பே, பெஸ் 2018 உடன் நின்றுவிட்டது. அதற்குப் பிறகு பிஎஸ்3 இல் நீங்கள் காண்கிற புது வருட ஃபுட்போல் எதுவும் கொம்பனி செய்ததில்லை. கொம்பனி போட்ட பாதுகாப்புப் பூட்டை உடைத்து, கொப்பி கேமும் ஓடும்படி மாற்றின மெஷினில் ஆரோ ஒருவர் பழைய கேமுக்கு வீரர் பட்டியலை ஒட்டிவிட்டது. பூட்டு உடைத்த மெஷினை சோனியின் ஒன்லைன் சேவைக்குக் கொண்டுபோனால் தடை விழும் ஆபத்து வேறு. லண்டன் பையனோடு விளையாடுகிற கதை அங்கேயே முடிந்தது.

அந்த ஃபிஃபா 19 கூட உண்மையில் ஃபிஃபா 19 இல்லை. 2013 இல் ஃபிஃபா 14 வந்தபோதே பிஎஸ்4 க்கு ‘இக்னைட்’ என்ற புது எஞ்சின் (கேமை ஓட்டுகிற அடிப்படை மென்பொருள்), பிஎஸ்3 க்குப் பழைய எஞ்சின் என்று இரண்டாகப் பிரித்துவிட்டார்கள். ஃபிஃபா 17 இல் பிஎஸ்4 ‘ஃப்ரொஸ்ட்பைட்’ எஞ்சினுக்குப் போனது, ‘த ஜேர்னி’ என்ற கதைப் பகுதியும் சேர்ந்தது. பிஎஸ்3 க்கு அவை ஒன்றும் வரவில்லை. பிறகு ‘லெகசி எடிஷன்’ என்று மரியாதையாக ஒரு பெயர் வைத்து, வருடா வருடம் சட்டையும் பெயர்ப்பட்டியலும் மாற்றி விற்றார்கள். காரணம் சின்னது: பிஎஸ்3 இல் இருப்பது மொத்தம் 512 எம்பி மெமரி, அதுவும் 256, 256 என்று இரண்டு துண்டாக. பிஎஸ்4 இல் 8 ஜிபி, பதினாறு மடங்கு. அந்த இடத்துக்குள் எழுதின ஆட்டத்தை இந்த இடத்துக்குள் அடைக்க ஏலாது.

இதையெல்லாம் கடையில் போய்ச் சொன்னேன். முதலில் சத்தம், பிறகு சிரிப்பு, பிறகு பேரம். பிஎஸ்3 ஐ 25,000 க்குத்தான் திரும்ப எடுப்பாராம், மேலும் 40,000 கொடுத்தால் பிஎஸ்4, எஃப்சி 25 டிஸ்க், சைபர்பங்க் 2077 டிஸ்க் மூன்றும் தருவாராம். கடைசியில் அப்படியே மாற்றி எடுத்தோம். அப்போது அவர் சொன்ன வசனத்துக்காகத்தான் இந்தப் பதிவே. “தம்பி, பிஎஸ்5ல வாறதும் இதும் ஒரே கேம்தான். அதுல படம் கொஞ்சம் கிளியரா இரிக்கும், அவ்வளவுதான்.”

இந்த வசனம் பாதி உண்மை, அதனால்தான் ஆபத்து. பெட்டியில் ஒரே பெயர், ஒரே படம், ஒரே வீரர். உள்ளே கிடப்பது வேறு.

எஃப்சியையே எடுப்போம். 2021 இல் ஃபிஃபா 22 உடன் ‘ஹைப்பர்மோஷன்’ வந்தது. உடம்பெல்லாம் உணரி பொருத்திய உடையோடு 22 தொழில்முறை வீரர்களை முழு மேட்ச் விளையாட விட்டு, அந்த அசைவுகளைக் கொண்டு கேமுக்குள் ஓட்டத்தையும் பந்து எடுக்கும் விதத்தையும் உருவாக்கினார்கள். பிஎஸ்5 க்கு அது உண்டு, பிஎஸ்4 க்கு இல்லை. இது படத் தெளிவு இல்லை, காலுக்குள் பந்து எப்படி நிற்கிறது என்ற விஷயம். ஃபிஃபா 23 இல் வேறு வேறு மெஷின்காரர் ஒன்றாக விளையாடும் வசதி வந்தபோதும், பிஎஸ்4 ஐ மைக்ரோசொஃப்டின் பழைய மெஷினான எக்ஸ்பொக்ஸ் வன்னோடும், பிஎஸ்5 ஐ அவர்களின் புது எக்ஸ்பொக்ஸ் சீரீஸ், கணினி ஆகியவற்றோடும் மட்டும் சேர்த்தார்கள். இந்த இரண்டு கூட்டமும் ஒன்றோடொன்று மோத முடியாது. ஆக பிஎஸ்4 இல் எங்கள் பையனும் பிஎஸ்5 இல் லண்டன் பையனும் ஒரே பெயருள்ள கேமை வைத்துக்கொண்டு ஆளையாள் தேடிக்கொண்டு இருந்தார்கள். கடைக்காரருக்கு இது தெரியாது என்று நம்ப நான் தயாரில்லை. அக்கா முதல் நாளே லண்டன் கதையைச் சொல்லிவிட்டுத்தான் வாங்கினா.

பழைய மெஷினுக்கும் சேர்த்துக் கேம் செய்கிற கொம்பனிகளுக்கு முன்னால் இரண்டு வழிதான். ஒன்று, பழையதுக்கு வெட்டிக் கொடுப்பது. 2014 இல் ‘ஷேடோ ஒஃப் மோர்டோர்’ வந்தபோது அதன் உயிரே நெமெசிஸ் முறைதான்: உங்களைக் கொன்ற எதிரி பதவி உயர்வு பெற்று, அடுத்த முறை காணும்போது பழையதைச் சொல்லிக் காட்டுவான். பிஎஸ்3 பதிப்பில் அதையே குறைத்துவிட்டார்கள். அடுத்த வருடம் ‘கோல் ஒஃப் டியூட்டி: பிளக் ஒப்ஸ் 3’ பிஎஸ்3 க்கு வந்தது, கதைப் பகுதி அறவே இல்லாமல். 2021 இல் ‘பெட்டில்ஃபீல்ட் 2042’ பிஎஸ்5 இல் 128 பேரோடும், பிஎஸ்4 இல் 64 பேரோடும். ஆட்கள் பாதியானபடியால் விளையாடும் நிலப்பரப்பையும் சுருக்க வேண்டி வந்தது.

மற்ற வழி, யாருக்கும் வெட்டாமல், எல்லாருக்கும் பழையதின் அளவுக்கே கேமை அமைப்பது. இது வெளியில் தெரியாது. இதைத்தான் எனக்குச் சொல்ல விருப்பம் (கடைக்காரருக்கும் சொன்னேன், அவர் போனைப் பார்த்துக்கொண்டு இருந்தார்). பிஎஸ்4 க்குள் இருப்பது சுழலும் ஹார்ட் டிஸ்க். படிக்கிற ஊசி ஒரு நேரத்தில் ஒரு இடத்தில்தான் நிற்கும். பழைய கல்லடிப் பாலத்தில் அந்தப் பக்கத்து வாகனங்கள் வந்து முடியும்வரை இந்தப் பக்கம் நின்றது போல, மற்றத் தரவெல்லாம் காத்து நிற்க வேண்டும். 2018 இன் ‘ஸ்பைடர்மேன்’ ஐச் செய்தவர்கள் இதற்காகவே ஒரே பொருளின் தரவை வட்டில் பல இடத்தில் திரும்பத் திரும்ப எழுதி வைத்தார்கள். சில தரவு 400 தடவை வரை இருந்ததாக பிஎஸ்5 ஐ வடிவமைத்த மார்க் சேர்னி 2020 மார்ச்சில் விளக்கினார். அதற்கு முதல் வருடம் அவர் அதே கேமை வைத்து இன்னொன்றும் காட்டினார்: நகரத்தின் ஒரு இடத்திலிருந்து இன்னொரு இடத்துக்குத் தாவ பிஎஸ்4 ப்ரோவில் 15 செக்கன், புது மெஷினின் சோதனைப் பெட்டியில் 0.8 செக்கன். ஸ்பைடர்மேன் எவ்வளவு பலம் சேர்த்தாலும் ஓரளவுக்கு மேல் வேகமாகப் பறக்க விடாததற்கும் காரணம் அந்த டிஸ்க்தான். அதாவது வீரனின் வேகத்தைத் தீர்மானித்தது கதையும் இல்லை, வடிவமைப்பாளரின் ஆசையும் இல்லை.

பாறை இடுக்குக்குள் வீரன் மெல்ல மெல்ல நெருக்கிக்கொண்டு போவதும், லிஃப்டுக்குள் நின்று இரண்டு பேர் கதைப்பதும் பல கேம்களில் இதற்குத்தான். பின்னால் அடுத்த இடம் மெமரிக்குள் ஏறுகிறது. பிஎஸ்4 க்கும் பிஎஸ்5 க்கும் சேர்த்து 2022 இல் வந்த ‘கோட் ஒஃப் வோர் ரக்னரொக்’ இலும் அந்த இடுக்குகள் இருந்தன. பிஎஸ்5 க்கு மட்டும் செய்த ‘ரெட்செட் அண்ட் கிளேங்க்: ரிஃப்ட் அபார்ட்’ 2021 இல் ஓட்டத்துக்கு நடுவிலேயே ஒரு உலகத்திலிருந்து இன்னொரு உலகத்துக்குத் தூக்கிப் போட்டது. பழையதைச் சுமக்க வேண்டியிராவிட்டால் என்ன செய்யலாம் என்று பார்க்க அது போதும்.

இதால் பழைய மெஷின் வாங்கக் கூடாது என்று யாரும் எடுக்கவேண்டாம். ‘கோஸ்ட் ஒஃப் சுஷிமா’, ‘த லாஸ்ட் ஒஃப் அஸ் பார்ட் 2’ எல்லாம் 2020 இல் பிஎஸ்4 க்கென்றே செய்தவை. இன்றைக்கும் அதில் போட்டால் ஒரு குறையும் இல்லை. அந்த மெஷினை மனதில் வைத்துச் செய்த கேமை அதில் விளையாடுவதுதான் சுகம். புதுசின் பெயரைச் சொல்லிப் பழசை விற்பதுதான் அநியாயம்.

சைபர்பங்க் டிஸ்க்கும் அப்படித்தான். அந்தக் கேம் 2020 டிசம்பர் 10 இல் வந்தபோது பிஎஸ்4 இல் ஓடவே திணறி, ஒரு கிழமை கழிந்த கையோடு சோனி தன் ஸ்டோரிலிருந்தே எடுத்துவிட்டது. 2021 ஜூனில்தான் திரும்ப விட்டது. பிறகு திருத்தங்கள் வந்து ஓரளவு சரியானது உண்மை. ஆனால் 2023 இல் வந்த ‘ஃபேண்டம் லிபர்ட்டி’ பகுதி பிஎஸ்4 க்கு இல்லவே இல்லை. எங்களுக்குத் தந்த பெட்டியில் அதன் படத்தை ஸ்டிக்கர் அடித்து ஒட்டி, “எல்லா டிஎல்சியும் (பிறகு வந்த மேலதிகப் பகுதிகள்) உள்ளுக்குள்ள” என்று சொல்லித்தான் தந்தார்.

வாங்கப் போகிறவர்கள் பெட்டியின் மேல் பட்டையைப் பாருங்கள்: பிஎஸ்4 என்றால் நீலம், பிஎஸ்5 என்றால் வெள்ளை. பிஎஸ்4 டிஸ்க் பிஎஸ்5 இல் ஓடும் (டிஸ்க் போடும் வாய் உள்ள மொடலாக இருந்தால்), மறுபக்கம் ஓடாது. கேமைக் கடையிலேயே போடச் சொல்லி, முகப்புப் படத்தோடு விட்டுவிடாமல் மேட்ச்சுக்குள் போய்ப் பாருங்கள். பூட்டு உடைத்த மெஷினா என்று நேராகவே கேளுங்கள், ஏனென்றால் “கேம் எல்லாம் சும்மா” என்பதன் அர்த்தம் பெரும்பாலும் அதுதான். வெளிநாட்டில் உள்ள பிள்ளையோடு விளையாடத்தான் வாங்குகிறீர்கள் என்றால், அந்தப் பிள்ளையிடம் என்ன மெஷின், எந்தப் பதிப்பு என்று முதலில் கேட்டுவிட்டுக் கடைக்குப் போங்கள். ஒன்லைன் ஃபுட்போலுக்கு ப்ளேஸ்டேஷன் ப்ளஸ் சந்தாவும் கட்டவேண்டும், அதைக் கடைக்காரர் சொல்லமாட்டார்.

எங்கள் கதையில் லண்டன் பையன் தன் பிஎஸ்5 இல் எஃப்சி 25 இன் பிஎஸ்4 பதிப்பை வாங்கிப் போட்டிருக்கிறான். அதற்குப் பிறகுதான் இரண்டு பேரும் விளையாடுகிறார்கள், இவனுக்காக அவன் இறங்கி வந்து. கடைக்காரர் சைபர்பங்க் டிஸ்க்கை மட்டும் எடுத்துவிட்டு அதன் காசைத் தந்தார், மிச்சத்துக்குக் கையை விரித்துவிட்டார். போன கிழமை அந்தப் பக்கம் போனபோது எங்கள் பழைய பிஎஸ்3 கண்ணாடிக்குள் இருந்தது, இப்போது ‘எஃப்சி 26’ என்று ஒட்டியிருக்கிறார்.

நுகர்வோர் விவகார அதிகாரசபைக்கு 1977 க்கு அழைத்து முறையிடலாம். பில்லில் ‘கேம் செட் 1’ என்று மட்டும் எழுதித் தருவார்கள், வாங்கிக்கொண்டு வராதீர்கள். மொடல், கேமின் பெயர், எந்த மெஷினுக்கான பதிப்பு, ஒன்லைன் வேலை செய்யும் என்று சொன்னதா இல்லையா, எல்லாவற்றையும் அவர் கையாலேயே எழுதுவித்து, கடை முத்திரையும் திகதியும் போட்டு வாங்குங்கள்.